முதற்பனி விழுமுன்



பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கிற பனிதான். முதற்பூசைக்கு வருகிற பாட்டிமார் முக்காட்டைச் சற்று இழுத்து மூடிக்கொள்வார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும், பனியும் போயிருக்கும். வெண்பனியைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் நாம் நம்முடைய தாயைப் பனிமய மாதா என்று அழைக்கிறோம். ஆகஸ்டு 5-ம் தேதி தூத்துக்குடிக்குத் திரளாகப் போய் அவளை வணங்குகிறோம். உரோமாபுரியில் கடுங்கோடையின் நடுவே ஒரு குன்றின்மேல் பனி பெய்து, தேவமாதாவுக்குக் கோவில் எழும்பவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது அந்தப் பெயருக்குள்ள பாரம்பரியம். அது வரமாக வந்த பனி.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது வேறொரு பனி. அது மலைமேல் மனிதரைக் கொல்லுகிற பனி. அந்தப் பனிப்புயலை எதிர்பார்த்து, ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக ஆயத்தமாயிருக்கிற ஒரு வீட்டைப்பற்றிச் சொல்லப்போகிறேன். வருகிற ஞாயிறு ஆகமன காலம் துவங்குகிறது. வருகிறவரை எதிர்பார்த்துக் காத்திருப்பது எப்படி என்று அந்த வீட்டார் நமக்குக் கற்பிக்கக்கூடும்.

சுவிட்சர்லாந்து தேசத்துக்கும் இத்தாலி தேசத்துக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஒரு கணவாய் இருக்கிறது. பெரிய அர்ச். பெர்நார்து கணவாய் என்று அதற்குப் பெயர். அதன் உயரம் சுமார் 2,470 மீட்டர். நமது நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தைவிடச் சற்றே தாழ்வுதான். ஆனால் அது வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால், அங்கே அக்டோபர் மாதத்தில் பாதையை மூடுகிற பனி சில வருஷங்களில் ஜூன் மாதம் வரையில் விலகுவதில்லை. பூர்வகாலத்தில் வடதேசங்களிலிருந்து உரோமாபுரிக்குத் திருயாத்திரை போனவர்களும், வியாபாரிகளும், வேலை தேடிப் போன ஏழைகளும் அந்த வழியாகவே மலையைக் கடந்தார்கள். கள்வர் கையில் அகப்பட்டுச் செத்தவர்களும் உண்டு, பனியில் அகப்பட்டுச் செத்தவர்களும் உண்டு.

அந்தப் பனிப்புயல் எப்படி வருமென்று கேளுங்கள். காலையில் வானம் தெளிந்திருக்கும். நடுப்பகலில் காற்று திரும்பும். பிறகு பனி மழையைப்போல மேலிருந்து விழாது; காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் பாய்ந்து வந்து முகத்தில் அறையும். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். தன் கால்வைத்த தடமே அடுத்த நிமிஷத்தில் மூடிப்போவதால், வழிப்போக்கன் நேரே போவதாக நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பான். கொஞ்ச நேரத்தில் குளிர் உள்ளே இறங்கும். அப்போது அவனுக்கு ஒரு மயக்கமும் தூக்கமும் வரும். "சற்றே உட்கார்ந்து இளைப்பாறிப் போகலாம்" என்று தோன்றும். அவன் உட்காருவான், கண்ணயருவான், பிறகு எழுந்திருக்கமாட்டான். பிரியமானவர்களே, பாவத்தில் நிலைத்துப்போன ஆத்துமத்துக்கு வருகிற தூக்கமும் இப்படிப்பட்டதல்லவா? அதற்கு நோவு தெரியாது. அதுதான் அதன் ஆபத்து.

இதையெல்லாம் கண்டு மனமிரங்கினார் அர்ச். பெர்நார்து. இத்தாலியிலுள்ள அவோஸ்தா நகரத்துக் கோவிலில் அவர் தலைமைத் தியாக்கோன் பதவியில் இருந்தவர். சுமார் 1050-ம் வருஷத்தில், அந்தக் கணவாயின் உச்சியிலேயே வழிப்போக்கருக்கென்று ஒரு வீட்டைக் கட்டினார். நன்றாகக் கவனியுங்கள். அடிவாரத்தில், ஊருக்குப் பக்கத்தில், விறகும் தண்ணீரும் கிடைக்கிற இடத்தில் அவர் கட்டவில்லை. எந்த இடத்தில் மனிதர் சாகிறார்களோ அந்த இடத்தில் கட்டினார். அர்ச். அகுஸ்தீனாருடைய ஒழுங்கைக் கைக்கொள்ளுகிற குருக்கள் இன்றுவரையில் அங்கே வசித்து வருகிறார்கள். மலையேறுகிறவர்களுக்கும் மலைவாசிகளுக்கும் அர்ச். பெர்நார்தைப் பாதுகாவலராக 1923-ம் வருஷத்தில் ஏற்படுத்தினவர் பாப்பரசர் 11-ம் பத்திநாதர். அவரும் தம் குருத்துவ நாட்களில் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறினவரே. ஆகையால் பனி இன்னதென்று அறிந்தே அதைச் செய்தார்.

இந்த வீட்டார் முதற்பனிக்கு எப்படி ஆயத்தம் செய்தார்கள்? இதுதான் இன்றைய விஷயம்.

முதலாவது, வேலையெல்லாம் கோடையிலேயே நடந்தது. அந்த உயரத்தில் மரம் வளராது. விறகுக்கட்டு ஒவ்வொன்றும் கீழே பள்ளத்தாக்குக் காடுகளிலிருந்து பொதிமிருகங்களின் முதுகில் ஏறிவர வேண்டும். மாவும் பாலாடைக்கட்டியும் அப்படியே. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், வானம் நீலமாயிருக்கும்போது, அந்த மிருகங்கள் ஓயாமல் ஏறி இறங்கின. அக்டோபரில் முதற்பனி விழுந்த பிறகு, எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒரு கட்டு விறகை மேலே ஏற்ற முடியாது. நோவே பிதாப்பிதா மழை பெய்யத் துவங்கின பிறகா பெட்டகத்துக்கு மரம் வெட்டப் போனார்? எகிப்து தேசத்தில் சூசை பஞ்சம் வந்த பிறகா களஞ்சியம் கட்டினார்? புத்தியுள்ள கன்னியர் ஐவரும், மணவாளன் வருகிற சத்தம் கேட்ட பிறகா எண்ணெய் தேடினார்கள்? ஆயத்தம் என்பது வெயில் நாளின் வேலை.

இரண்டாவது, பாதையோரத்தில் நெடுங்கம்பங்களை நாட்டினார்கள். கோடையில் அந்தப் பாதை பச்சைப்புல்லின் நடுவே தெளிவாகத் தெரியும். சிறுபிள்ளையும் தவறாமல் நடந்து போகும். அப்படியிருக்க, கம்பம் எதற்கு என்று ஒருவன் சிரிக்கலாம். ஆனால் பாதை பனிக்குள் அமிழ்ந்துபோன நாளில், அந்தக் கம்பத்தின் தலை ஒன்றே வெளியே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வழிப்போக்கன் வீடு வந்து சேருவான். தரை இறுகி உறைந்துபோன பிறகு, கம்பத்தை நாட்ட நினைத்தாலும் இறங்காது. பிள்ளைகளுக்குச் சிறுவயதில் நாம் கற்பிக்கிற செபங்களும், குடும்பத்தில் சாயந்தரம் சொல்லுகிற ஜெபமாலையும் இப்படிப்பட்ட கம்பங்களே. இன்றைக்கு அவை அவசியமில்லாததுபோலத் தோன்றும். உங்கள் மகனுடைய வாழ்க்கையில் பாதை மறைந்துபோகிற ஒரு நாள் வரும். அன்று வெளியே தெரிகிறது அந்த ஒரு கம்பமாகவே இருக்கலாம்.

மூன்றாவது, அவர்கள் கூப்பிடுகிற சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. பனிக்காலத்தில் காலைதோறும் அந்த வீட்டு ஊழியர் நாய்களைக் கூட்டிக்கொண்டு, கணவாயின் இருபுறமும் இறங்கிப்போய் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். அந்த நாய்களைப்பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றுள் பேர்போனது 'பாரி' என்கிற நாய். 1800 முதல் 1814 வரையில் உயிரோடிருந்த அது நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றிற்று என்று சொல்லப்படுகிறது. பெர்ன் நகரத்துக் காட்சிசாலையில் அதன் உருவத்தை இன்றும் காணலாம். படங்களில் அந்த நாய்களின் கழுத்திலே ஒரு சிறு பீப்பாய் தொங்கும். அது ஓவியர்கள் சேர்த்த அலங்காரம். உண்மையில் அவற்றுக்கு இருந்தது, பனிக்கடியில் கிடக்கிற மனிதனை மோந்து கண்டுபிடிக்கிற மூக்கும், வழி தவறாத புத்தியும்தான். அதுவே போதுமாயிருந்தது.

இந்த உழைப்பெல்லாம் யாருக்காக? இன்னும் வராத ஒருவனுக்காக. அவன் பெயர் தெரியாது, பாஷை தெரியாது, வருவானோ வரமாட்டானோ, அதுவும் தெரியாது. அந்த வீட்டின் விருதுவாக்கு லத்தீன் பாஷையில் உள்ளது. இங்கே கிறிஸ்துநாதர் ஆராதிக்கப்படுகிறார், இங்கே அவருக்கு உணவு அளிக்கப்படுகிறது என்பது அதன் பொருள். பீடத்தின்மேலும் அவரே, குளிரில் நடுங்கிக் கதவைத் தட்டுகிறவனும் அவரே. அந்நியனை ஏற்றுக்கொண்டவர்கள் தம்மையே ஏற்றுக்கொண்டார்களென்று நமதாண்டவர் கடைசித் தீர்வையைக்குறித்துச் சொன்னதை அவர்கள் ஒவ்வொரு கோடையிலும் விறகாகவும் கம்பமாகவும் செய்து காட்டினார்கள். பாருங்கள், ஆகமன காலத்தின் அர்த்தமெல்லாம் இதற்குள் அடங்கியிருக்கிறது. வருகிறவருக்காக ஆயத்தம் செய்வதும், வருகிற ஏழைக்காக ஆயத்தம் செய்வதும் இரண்டு வேலையல்ல.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 1964-ம் வருஷத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்தார்கள். வண்டிகள் கீழேயே போய்விடுகின்றன. நாய்களை வளர்க்கிற பொறுப்பு 2005-ம் வருஷம் முதல் வேறு ஒரு ஸ்தாபனத்தாரிடம் இருக்கிறது. ஆனாலும் அந்த வீடு மூடப்படவில்லை. பனிக்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மேலே போகிறவர்களுக்கு, அது இன்றும் கதவு திறந்து கஞ்சி வார்க்கிறது.

பிரியமானவர்களே, அந்த மலைகளில் பனியை ஆராய்கிற சாஸ்திரிகள் சொல்லுகிற ஒரு காரியம் என் மனதை மிகவும் தொட்டது. பருவத்தின் முதற்பனி பெரும்பாலும் சொற்பமே. வெயில் படுகிற சரிவுகளில் அது இரண்டொரு நாளில் உருகிப்போகும். வெயில் படாத வடபுறச் சரிவுகளிலோ மெல்லிய படலமாகத் தங்கிவிடும். தெளிந்த குளிர் இராத்திரிகளில், கீழே தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே காற்றின் கடுங்குளிருக்கும் நடுவில் அகப்பட்டு, அந்தப் படலம் சர்க்கரைமணிபோல ஒன்றோடொன்று ஒட்டாத துகள்களாக மாறிப்போகும். பிறகு பெரும்புயல் வந்து ஓர் ஆள் உயரத்துக்குப் பனியை அதன்மேல் கொட்டும். வெளியே பார்த்தால் சரிவு முழுதும் வெள்ளைவெளேரென்று அழகாயிருக்கும். ஒரு மனிதன் கால்வைப்பான். அடியிலுள்ள அந்தப் பழைய படலம் நொறுங்கும். சரிவு முழுதும் பெயர்ந்து அவனைக் கொண்டுபோகும். அவனைக் கொன்றது புயலா? வெயில் படாமல் அடியிலே கிடந்த பழைய சொற்பப் பனியல்லவா?

இன்னொன்றும் சொல்லுகிறார்கள். ஐரோப்பாவில் பனிச்சரிவின் ஆபத்தை 1 முதல் 5 வரையில் படிகளாகக் குறித்து அறிவிக்கிறார்கள். ஐந்தாம் படி அறிவித்த நாளில்தான் அதிகம் பேர் சாவார்களென்று நினைப்போம். அப்படியல்ல. அன்று எல்லாரும் பயந்து வீட்டிலிருந்துவிடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் படி நாட்களிலேதான் அநேகர் சாகிறார்கள். "அவ்வளவு மோசமில்லை, போய்வரலாம்" என்கிற நாட்கள் அவை. நம்மில் பலருடைய ஆத்தும நிலைமையும் இதுதான். பெரும் பாதகம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒழுங்காகவும் இல்லை. அவ்வளவு மோசமில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வெயில் படாத படலம் நம்மிடத்தில் எது? சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியவேண்டுமென்று அர்ச். சின்னப்பர் ஏன் புத்தி சொன்னார்? அண்ணன் தம்பிக்குள் ஒரு சுவர் விஷயமாக ஒரு சொல். மாமியார் மருமகளுக்குள் ஒரு நகை விஷயமாக ஒரு சொல். சொற்பந்தான். ஆனால் அதன்மேல் வெயில் படவிடாமல் வைத்தோம். வருஷாவருஷம் அதன்மேல் கலியாணமும், திருநாளும், புது வீடும் வெள்ளையாகப் படிந்தன. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அழகாயிருக்கிறது.

இங்கே என்னைப்பற்றியே ஒன்று சொல்லவேண்டும். மற்றவர்களைக் கண்டிக்கிறவன் தன்னை மறைப்பது நியாயமல்ல. சில வருஷங்களுக்குமுன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஒரு பெண் பங்களாவுக்கு வந்து, "சாமி, அப்பா உங்களைப் பார்க்கவேணுமாம். அவசரமில்லை, உங்களுக்குச் சௌகரியப்பட்டபோது வாங்க" என்றாள். அவள் தகப்பனார் வயதானவர், ஆனால் நடமாடிக்கொண்டிருந்தவர், முதல் வெள்ளிக்கிழமை தேவநற்கருணை வாங்கினவர். எனக்கோ அன்று திருநாள் கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. "திங்கட்கிழமை காலைப்பூசை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஞாயிறு இராத்திரி அவர் தூக்கத்தில் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத்தான் சாமி உங்களைக் கூப்பிட்டார். என்ன வார்த்தை என்று எங்களிடம் சொல்லவில்லை. சாமியிடம்தான் சொல்லுவேன் என்றார்." அவருக்கும் அவர் தம்பிக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. அந்தத் தம்பி வாசலண்டை ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வருகையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டார். நான் என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாது என்றேன். நான் அந்தச் சனிக்கிழமை நூறடி நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தத் திருநாள் கணக்கில் எவ்வளவு மீதி நின்றதென்று இன்று எனக்கு ஞாபகமில்லை. அந்த மனிதருடைய கண்கள் மட்டும் ஞாபகமிருக்கின்றன.

கணவாயின்மேலுள்ள அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிணவறை இருந்தது. எவ்வளவு ஆயத்தம் செய்தும் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. பாறையும் உறைபனியுமான அந்த இடத்தில் குழி வெட்ட முடியாததால், பனியில் கண்டெடுத்த பிரேதங்களை அந்த அறையில் வைத்தார்கள். உறவினர் யாராவது ஒரு நாள் வந்து அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று காத்திருந்தார்கள். ஒருவரும் தேடி வராத பிரேதங்களும் இருந்தன. மரித்த விசுவாசிகளுக்காக வேண்டிக்கொள்ளுகிற இந்த நவம்பர் மாதக் கடைசியில், அவர்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லாமலே போனவர்களுக்காகவும், கேட்கவேண்டிய வார்த்தையைக் கேட்காமல் நிற்கிறவர்களுக்காகவும் சொல்லுங்கள்.

ஆகையால், பிரியமான பங்கு மக்களே, ஆகமன காலம் துவங்குமுன் நாம் மூன்று கம்பங்களை நாட்டுவோம்.

ஒன்று, பாவசங்கீர்த்தனம். கிறிஸ்துமஸ் இராத்திரியில் நீண்ட வரிசையில் நின்று அவசரமாகச் செய்வதற்குப் பதிலாக, இந்த வாரமே வாருங்கள். புதன், சனி இரண்டு நாளும் சாயந்தரம் முழுதும் நான் கோவிலில் இருப்பேன்.

இரண்டு, அந்த ஒரு வார்த்தை. யாரிடத்தில் என்று உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லத் தேவையில்லை. நீங்களே போங்கள். போக முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் கொண்டுபோகிறேன். அந்த மனிதர் வாங்க மறுத்தாலும் பரவாயில்லை. கம்பம் நாட்டினவன் தன் வேலையைச் செய்துவிட்டான்.

மூன்று, உங்கள் தெருவில் வயதானவர்களும் வியாதிக்காரரும் யார் யார் என்று பாருங்கள். அவர்களே கூப்பிடட்டும் என்று காத்திராதேயுங்கள். அந்த மலைவீட்டு ஊழியரைப்போலக் காலையில் ஒருதரம் எட்டிப் பாருங்கள். குருவைக் கூப்பிடவேண்டியிருந்தால் கடைசி மூச்சு வரையில் வைத்திராமல் முன்னதாகவே கூப்பிடுங்கள். "அவசரமில்லை சாமி" என்று தயவுசெய்து சொல்லாதேயுங்கள். இராத்திரி எந்த வேளையானாலும் கதவைத் தட்டுங்கள். நான் திங்கட்கிழமை வருகிறேன் என்று இனிச் சொல்லமாட்டேன்.

இன்றைக்கு வானம் தெளிந்திருக்கிறது. பாதை நன்றாகத் தெரிகிறது. தரை இன்னும் இளகியிருக்கிறது. சர்வேசுரன் நமக்கு இந்த நாளைத் தந்தது கம்பம் நாட்டுவதற்காகவே. பனியின் பெயரைத் தாங்கிய நம் மாதா, வழி தெரியாமல் நடக்கிறவர்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பாளாக. அர்ச். பெர்நார்து நமக்காக வேண்டிக்கொள்ளுவாராக. ஆமென்.

கிறிஸ்துநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குருவானவர்